மேல் காந்தாரம் வந்தாலே கத்தலாகிறது. தொண்டை இறுகாமல் பாடுவது எப்படி?

கேள்வியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் நீங்கள்: மதுரையில் கர்நாடக சங்கீதம் கற்கிறீர்கள், 5 கட்டை ஸ்ருதி (ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஓசைதான் உங்கள் ஆதார ஸட்ஜம்), வர்ணம் என்ற பாடம் வரை வந்தாயிற்று. (ஸ, ரி, க, ம, ப, த, நி என்பவற்றின் முழுப் பெயர் ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம்.) மேல் ஸட்ஜம் எப்படியோ பிடிபடுகிறது, மேல் காந்தாரத்துக்குப் போனால் கத்தலாகிவிடுகிறது. இன்னொருவர் உங்கள் அண்ணன்: ஊர்த் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறார், மறுநாள் காலை குரலே எழும்புவதில்லை. இரண்டுக்கும் முதல் காரணம் ஒன்றுதான். மத்திய ஸ்தாயியில் (நடு உயரத்தில்) பாடுகிற அதே கனத்தோடு குரலை மேலே தூக்குகிறீர்கள். மேல் சுரத்துக்குக் கூடுதல் பலம் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அங்கே வேண்டியது மெலிந்த குரல் நாணும் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஓசை எழுப்புகிற சதை மடிப்பு) குறைந்த காற்றும்.

ஆள்காட்டி விரலைக் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் நடுவில் வையுங்கள். இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். இப்போது 'ஊ' என்று கீழிருந்து மேல் ஸட்ஜம் வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பள்ளம் குறுகும். அந்த இரண்டு குருத்தெலும்பும் நெருங்கும்போது உள்ளே குரல் நாண்கள் நீண்டு மெலிகின்றன, வேகமாக அதிர்கின்றன. 5 கட்டையில் ஆதார ஸட்ஜம் வினாடிக்கு 196 அதிர்வு, மேல் ஸட்ஜம் 392, அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம் (காந்தாரத்தின் உயர்ந்த வகை) 490. ஒரு வினாடிக்குள் நாண்கள் ஒன்றோடொன்று 490 தடவை மோதுகின்றன. தடித்த நாணைக் காற்றால் அடித்து அந்த வேகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தால் மோதல் ஒவ்வொன்றும் பலமாக விழும். அதோடு விழுங்கும்போது வேலை செய்கிற தசைகளும் குறுக்கே வந்து குரல்வளையை மேலே இழுத்துக்கொள்ளும். நீங்கள் 'இறுகுது' என்று எழுதியிருப்பது இதைத்தான். விரலை மேட்டின் மேலேயே வைத்துப் பாடினால் நன்றாகத் தெரியும்: எச்சில் விழுங்கும்போது மேடு எவ்வளவு ஏறுகிறதோ, கத்தும்போதும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். கொஞ்சம் ஏறுவது இயல்பு, தாடை வரை போய் முட்டக் கூடாது.

குரல் ஒரே சீராக மேலே ஏறாது. நடுவில் ஒரு மாறுகிற இடம் உண்டு. அதற்குக் கீழே கனமான மார்புக் குரல், மேலே மெலிந்த தலைக் குரல். பெரும்பாலான பெண்களுக்கு அந்த இடம் ஆர்மோனியத்தின் 3, 4 கட்டை ஓசையை ஒட்டி வரும். 5 கட்டையில் பாடுகிற உங்களுக்கு அது மத்திய ஸ்தாயி தைவதம், நிஷாதத்தில் வந்து விழுகிறது. அதாவது மேல் ஸட்ஜத்துக்கு முன்னாலேயே குரல் மாறியிருக்க வேண்டும். நீங்கள் மாற்றாமல் மார்புக் குரலிலேயே ஸட்ஜத்தை முட்டித் தொடுகிறீர்கள். அதோடு அந்தக் குரலின் எல்லை முடிகிறது, காந்தாரத்தில் உடைகிறது. ஆகவே கோளாறு காந்தாரத்தில் இல்லை, தைவதத்தில். 1 கட்டையில் பாடும் ஆண்களுக்கு அதே இடம் மேல் ரிஷபம், காந்தாரம், மத்திமம் பக்கம் வருகிறது. பாட்டின் முதல் பகுதியான பல்லவி நன்றாகப் போய், மேலே ஏறுகிற அடுத்த பகுதியான அனுபல்லவியில் குரல் பிசகுவது அதனால்தான்.

இங்கே ஒரு பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கள்ளக் குரல் கொடுக்காதே' என்று வகுப்பில் கேட்டிருப்பீர்கள். வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது: காற்று கசிகிற, ஸ்ருதியில் நிற்காத, சாரமில்லாத பொய்க்குரல் கர்நாடக இசைக்கு ஒத்துவராது. ஆனால் அதற்குப் பயந்து மார்புக் குரலைக் கடைசி வரை இழுப்பது அதைவிடக் கெடுதல். நாண்கள் நன்றாகச் சேர்ந்து, மெலிந்து அதிர்கிற தலைக் குரல் கள்ளக் குரல் ஆகாது. தொடக்கத்தில் அது சின்னதாக, பிஞ்சாகத்தான் வரும். சில மாதம் அந்தச் சின்னக் குரலைப் பொறுத்துக்கொண்டு சாதகம் (தினப் பயிற்சி) செய்தால்தான் அது உரம் பிடிக்கும். வாத்தியாரிடம் இதைச் சொல்லியே அனுமதி கேளுங்கள்.

சாதகத்துக்கு முன்னால் ஸ்ருதியைச் சரிபாருங்கள். கூட்டு வகுப்புகளில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஸ்ருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்துவிடுவது வழக்கம். எல்லாத் தொண்டைக்கும் அது பொருந்தாது. ஓய்வான குரலில் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் பஞ்சமம்) தெளிவாகக் கேட்க வேண்டும், மேல் காந்தாரத்தை மெதுவான குரலிலாவது தொட முடிய வேண்டும். கீழே தாராளமாக இறங்கி மேலே மட்டும் முட்டுகிறது என்றால் அரைக் கட்டை இறக்கி 4½ கட்டையில் இரண்டு வாரம் பாடிப் பாருங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. குரல் உடைகிற வயதுப் பையன்களுக்கு, பொதுவாகப் 12 முதல் 15 வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டையை மாற்றத்தான் வேண்டும். பழைய கட்டையிலேயே பாட வைப்பது பெரிய கொடுமை.

இனி சாதகம். காலையில் எழுந்தவுடன் வேண்டாம். பேசி, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் போகட்டும். அரை பாட்டில் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முங்கும்படி வைத்து, அதற்குள் 'ஊ' என்று குரல் கொடுங்கள். குமிழ்கள் சீராக வர வேண்டும். காற்று மூக்கு வழியாகப் போகக் கூடாது. மூக்கைப் பிடித்தால் சத்தம் மாறக் கூடாது, அதுதான் சோதனை. ஸட்ஜத்தில் ஆரம்பித்துப் பஞ்சமம், மேல் ஸட்ஜம், மேல் காந்தாரம் என்று வழுக்கிக்கொண்டே ஏறி இறங்குங்கள். சுரங்களைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். ஸ்ட்ராவும் தண்ணீரும் தரும் எதிர் அழுத்தம் நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கும், மோதல் மென்மையாகும். குமிழ் திடீரென்று பொங்கினால் அந்த இடத்தில் நீங்கள் காற்றைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். உங்கள் விஷயத்தில் அது அநேகமாகத் தைவதத்திலேயே நடக்கும். அங்கே சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக் கடந்து போங்கள். இளநீருக்குத் தருகிற அகல ஸ்ட்ரா இதற்கு ஆகாது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் விட்டம் உள்ளது சரி. ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நைந்து போகாது.

அடுத்து உதட்டைத் துடிக்கவிட்டு, குழந்தைகள் பஸ் ஓட்டுவது போல 'ப்ர்ர்ர்' என்று ஸ ப ஸ் ப ஸ (ஸ் என்பது மேல் ஸட்ஜம்) போய் வாருங்கள். காற்று அதிகமானாலோ குறைந்தாலோ துடிப்பு நின்றுவிடும், அதனால் ஏமாற்றவே முடியாது. உதடு துடிக்காவிட்டால் இரண்டு விரலால் கன்னத்தை லேசாக உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் சுரம். தொடக்கப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தில் நீங்கள் எப்போதோ முடித்துவிட்ட மேல் ஸ்தாயி வரிசைகளுக்குத் திரும்பிப் போங்கள். அவற்றை அமைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். முதல் வரிசை 'த நி ஸ் ரி ஸ் நி த ப' என்று மேல் ரிஷபத்தைத் தொட்டவுடன் திரும்பிவிடும், அங்கே நிற்க வைக்காது. அடுத்தடுத்தவை படிப்படியாக மேல் பஞ்சமம் வரை ஏறும். முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), தனியாகப் பேசுகிற அளவு சத்தத்தில், சுர எழுத்து இல்லாமல் 'ஊ' காரத்தில் பாடுங்கள். ஒரு வாரம் முதல் வரிசை மட்டும். இறுக்கமில்லாமல் வந்தால் 'ஓ', அதற்குப் பிறகு 'ஆ'. அகாரம்தான் கடைசி, ஏனென்றால் வாயை அகலமாகத் திறக்கிற 'ஆ'வில்தான் மார்புக் குரல் எளிதாக ஒட்டிக்கொள்ளும். தைவதத்திலிருந்து 'ஆ'வுக்குள் கொஞ்சம் 'ஓ' கலந்திருக்கட்டும். வாய் பக்கவாட்டில் இழுபடாமல் மேலும் கீழுமாகத் திறக்கட்டும். சாகித்யத்தில் (பாட்டின் வரிகளில்) 'இ', 'ஈ' மேல் சுரத்தில் வரும்போது சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தால் குரல் கீச்சிடும். உதட்டைச் சற்றுக் குவித்துச் சொல்லுங்கள்.

பாடும்போது கட்டைவிரலைத் தாடைக்கு அடியில், எலும்புக்குப் பின்னாலுள்ள சதையில் வையுங்கள். அது மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இறுகினால் நாக்கின் வேர் குரல்வளையை அழுத்துகிறது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லில் தொட்டபடி அதே வரியைப் பாடினால் பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி முன் உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரியும்: சுரம் ஏற ஏற முகவாயும் ஏறும். முகவாயைத் தூக்கினால் சுரம் எட்டாது, கழுத்து நரம்புதான் புடைக்கும்.

மூச்சைப் பற்றி. மேல் சுரம் வருகிறது என்றதும் நெஞ்சு நிறைய இழுத்துத் தம் கட்டுகிறோம். மூட்டை தூக்கும்போது தம் கட்டினால் குரல்வளை தானாக மூடிக்கொள்ளும், அது உடம்பின் ஏற்பாடு. அந்த நிலையில் பாடினால் மூடின தொண்டையை உடைத்துக்கொண்டுதான் குரல் வர வேண்டும். முக்கால் மூச்சு போதும். விலா பக்கவாட்டில் விரிய, வயிறு தளர, சத்தமில்லாமல் இழுங்கள். 'ஸ்ஸ்' என்று ஒரே அளவில் இருபது வினாடி விடப் பழகுங்கள். விலா உடனே சரிந்துவிடாமல் வெளியே நிற்பதுதான் அதில் பயிற்சி. மொத்தச் சாதகமும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலையும் மாலையும் செய்தால் நல்லது. தைவதத்தில் குரல் உடையாமல் கடந்து போக இரண்டு, மூன்று மாதம் பிடிக்கலாம். அதுவரை புதிதாக மேல் ஸ்தாயிக் கீர்த்தனை எதையும் எடுக்காதீர்கள். மாதவிலக்குக்கு முந்தின சில நாள் நாண்கள் லேசாக வீங்குவது பலருக்கு உண்டு. அந்த நாட்களில் மத்திய ஸ்தாயியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மதுரை ஆர்கெஸ்ட்ராக்களில் டி.எம்.எஸ். பாட்டு இல்லாமல் மேடை நிறையாது, அவர் இந்த ஊரில் 1922இல் பிறந்தவர். அவர் பாட்டைப் பாடுகிறவர்கள் சுரத்தோடு அந்தக் குரலின் கனத்தையும் சேர்த்து எடுக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கனம் அவர் தொண்டைக்கு அமைந்தது. வேறொரு தொண்டை அதைப் போலி செய்ய, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, தடித்த நாணோடு மேலே போக வேண்டியிருக்கிறது. இசையை எடுத்துக்கொண்டு சொந்தக் குரலில் பாடச் சொல்லுங்கள். ஒரிஜினல் ஸ்கேலில்தான் பாடுவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை இறக்கினால் ஒரு கட்டை குறையும், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று மணி நேரக் கச்சேரியில் உச்சஸ்தாயிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல் நடுவே டூயட்டோ தாழ்ந்த பாட்டோ வரும்படி வரிசை போட வேண்டும்.

கிராமத்து மேடையில் பாதிச் சேதம் சத்தத்தால் வருகிறது. குழாய் ஸ்பீக்கரெல்லாம் கூட்டத்தைப் பார்த்து இருக்கும், பக்கத்திலேயே டிரம்ஸ் அடிக்கும், தன் குரல் தனக்குக் கேட்காது. கேட்காதபோது மனிதர் யாரானாலும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். மைக்செட்காரரிடம் ஒரு மானிட்டர் பாக்ஸைப் பாடுகிறவர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால் ஒரு காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் தன் குரல் உள்ளே கேட்கும். மைக் வாய் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக, நான்கு விரல் தூரத்தில் இருக்கட்டும்.

கணீரென்ற குரல் வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. முளைப்பாரிப் பாட்டும் அழகர் வர்ணிப்பும் மைக் இல்லாமல் தெருக்கோடி வரை கேட்பது காற்றைத் தள்ளுவதால் மட்டும் அல்ல. நாண்களுக்கு மேலேயுள்ள குழாயைக் குறுக்கிப் பாடுவதால் குரலில் 3,000 அதிர்வையொட்டிய கூர்மை ஏறுகிறது. அந்தப் பகுதியில் மனிதக் காது ரொம்பக் கூர்மை, அதனால் சின்னக் குரலும் பெரிதாகக் கேட்கும். 'ஞே ஞே ஞே' என்று சற்றுக் குறும்பான குரலில், மெதுவாகச் சொல்லிப் பழகி, அந்தக் கூர்மையை 'ஏ', 'ஆ' என்று மாற்றிக்கொண்டு போனால் அண்ணனுக்கு மேடையில் கை கொடுக்கும்.

மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம், சுக்கு மல்லி காபி எல்லாம் தொண்டைக்கு இதம் தரும், குடியுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடாது. அது உணவுக்குழாயில் போகிறது, நாண் மூச்சுக்குழாய் வாசலில் இருக்கிறது. நேராகப் போய்ச் சேர்வது ஆவி மட்டுமே. வெறும் வெந்நீர் ஆவி, பத்து நிமிடம். சித்திரை வெயிலில் குடிக்கிற தண்ணீர் உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நாணை ஈரமாக்கும். ஆகவே பாடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே குடித்துவர வேண்டும். மெந்தால் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பாடாதீர்கள், வலியை மரக்கச் செய்து இன்னும் கத்த வைக்கும். கச்சேரி முடிந்து நள்ளிரவில் பரோட்டா சால்னா சாப்பிட்டு அப்படியே படுப்பதுதான் அண்ணனுக்குப் பெரிய எதிரியாக இருக்கலாம். படுத்தவுடன் வயிற்று அமிலம் மேலே வந்து குரல்வளையின் பின்பகுதியைப் புண்ணாக்கும். காலையில் கரகரப்பு, அடிக்கடி செருமல், தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, ஆனால் நெஞ்செரிச்சல் இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். கச்சேரிக்கு முன்பே அரை வயிறு சாப்பிட்டுவிட்டு, முடிந்தபின் இட்லியோடு நிறுத்தி, இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுக்கட்டும். செரும வேண்டும் போலிருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கட்டும். குரலுக்கு ஓய்வு என்று குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வாகாது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

தினமும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு எளிய வரியை உயரமான ஸ்ருதியில், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு மெல்லிய குரலில் பாடுங்கள். சத்தமாக வருகிறது, மெல்லிதாக வரவில்லை, காற்று மட்டும் வருகிறது என்றால் நாண் வீங்கியிருக்கிறது. அன்று சாதகம் இல்லை. இரண்டு, மூன்று நாளில் திரும்பிவிட வேண்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேமரா வைத்துக் குரல் நாணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் நாண் தெரியாது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. இருமலில் ரத்தம், விழுங்க வலி, மூச்சுத் திணறல் இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கத்திப் பாடுவதால் வருகிற சிறு முடிச்சுகள் இரண்டு நாணிலும் எதிரெதிரே, அதிகம் மோதுகிற இடத்தில் வரும். அவை பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் சில மாதம் போனாலே கரைந்துவிடும். அறுவை என்று யாராவது முதலிலேயே சொன்னால், அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.