போர் முடிந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஜெர்மன் இளைஞர்கள் ஏன் வெளிநாட்டில் 'பரிகாரச் சேவை' செய்கிறார்கள்?

நாஜி ஆட்சியில் ஜெர்மனி கொடுமை இழைத்த நாடுகளுக்குப் போய், ஓராண்டு தங்கித் தொண்டு செய்வதுதான் இது. போலந்து, இஸ்ரேல், நெதர்லாந்து எனப் பல நாடுகள். வதைமுகாமில் தப்பிப் பிழைத்த முதியவருக்குப் பேச்சுத்துணை, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி, நினைவிடங்களில் பணி.

1958-இல் லோத்தார் கிரைசிக் இதைத் தொடங்கினார். ஊனமுற்றோரை நாஜிகள் கொன்றதை அப்போதே எதிர்த்த நீதிபதி அவர். "உங்கள் நாட்டில் ஏதாவது நல்லது செய்ய அனுமதியுங்கள்" என்பதே அவரது அழைப்பின் சாரம். அனுமதி கேட்டார் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

தாத்தா அடித்து நொறுக்கிய பக்கத்து வீட்டுக்குப் பேரன் போய், "பாட்டி, கடைக்குப் போய் வரட்டுமா?" என்று கேட்பது போல.

பேரனுக்குத் தண்டனை என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டாயமே இல்லை, தாங்களாக விண்ணப்பித்துத்தான் போகிறார்கள்.