தாத்தாவின் ஜோர்க்கி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே வந்திருந்த ரஷ்யப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்த ஜோர்க்கி-4 கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் ரோலில் 36 படம் எடுத்தேன். நடுநடுவே 9 படங்கள் வெறுமையாக வந்தன. அம்மாவைக் கிட்டத்தில் எடுத்த படங்களில் உச்சந்தலை வெட்டுப்பட்டு முகமும் மங்கிவிட்டது. கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது. உறைக்குள் தாத்தா எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று இருக்கிறது: "வெயில் 16, நிழல் 5.6, திண்ணை 2.8." கேமரா பழுதா? அலமாரியில் வைத்துவிடலாமா?

ஒரு வாசகர், விருத்தாசலம்

அன்புள்ள நண்பருக்கு,

அலமாரி வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேமரா நன்றாகவே இருக்கிறது. மூன்று குறைக்கும் காரணம் ஒன்றுதான். இந்த வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்பது மேலே உள்ள ஜன்னல் வழியாக, ஃபிலிம் பார்ப்பது கீழே உள்ள லென்ஸ் வழியாக.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் காட்சி தெரியும். அந்த 9 படங்கள் அநேகமாக அப்படிப் போனவை. (ரோல் முழுக்க வெறுமை என்றால் ஃபிலிம் நகரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமைச் சுற்றும்போது இடப்பக்கத் திருகும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள்.) தலை வெட்டுப்பட்டதும் இதனால்தான். லென்ஸ் ஜன்னலுக்குக் கீழே இருப்பதால் கிட்டத்தில் அது சற்றுத் தாழ்வான காட்சியைப் பார்க்கிறது. ஆள் பக்கத்தில் இருந்தால் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள்.

இனி அந்த மங்கல். ஜன்னலில் எல்லாம் எப்போதும் தெளிவாகத்தான் தெரியும், அதை நம்பக் கூடாது. நடுவில் ஒரு சிறு திட்டில் காட்சி இரட்டையாகத் தெரிகிறதா? லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டில் ஒன்று நகரும். அம்மாவின் கண் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். உங்களுடையது 50 மி.மீ. லென்ஸ் என்றால், 2 அபர்ச்சரில் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது) ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். அம்மா மூச்சு விட்டு லேசாக அசைந்தாலே போதும். ஒரு மீட்டருக்குள் இந்தக் கேமரா ஃபோகஸ் ஆகாது, அதற்கும் கிட்டே போகாதீர்கள்.

தாத்தாவின் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கேமராவில் ஒளிமானி கிடையாது, அதற்குப் பதில்தான் அந்தச் சீட்டு. 100 ஐஎஸ்ஓ (ஃபிலிம் ஒளியை உணரும் திறனின் அளவு) ஃபிலிமும் 125 ஷட்டர் ஸ்பீடும் (ஃபிலிமை மறைக்கும் திரையான ஷட்டர் ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் ஒளியை விடும்) என்றால், சுள்ளென்ற வெயிலில் அபர்ச்சர் 16, வெளிச்சமான நிழலில் 5.6. திண்ணைக்கு எழுதியிருப்பது அவர் வீட்டுத் திண்ணையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட கணக்காக இருக்க வேண்டும். அன்று ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிமைக்கூட அவர் இதில் போட்டிருக்கலாம். இன்றைய 100 ஃபிலிமுக்கும் அவர் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. முதலில் ஃபிலிமைச் சுற்றுங்கள், அப்புறம்தான் ஸ்பீடை மாற்ற வேண்டும். ஷட்டர் விழும்போது ஸ்பீடு டயலும் சேர்ந்து சுழலும். சுற்றிய பிறகுதான் அதன் குறி சரியான இடத்தில் நிற்கும். சுற்றாமல் மாற்றினால் உள்ளே பொறி கெட்டுப்போகலாம். இன்னொன்று, ஷட்டர் துணியால் ஆனது. மூடியில்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து துணியைப் பொசுக்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு நொடிகள் போதும்.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்நோகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கேமரா இது. ஜோர்க்கி என்றால் கூர்ந்த பார்வை உடையது என்று பொருள்.

அடுத்த ரோல் வாங்குமுன் ஒரு வாரம் ஃபிலிம் இல்லாமலே பழகுங்கள். திண்ணையில் உட்கார்ந்து வாசல் தூண், மாமரம், தெருவில் போகும் சைக்கிள் என்று ஒவ்வொன்றிலும் இரட்டைக் காட்சியை ஒன்றாக்கிப் பாருங்கள். பிறகு வளையத்தில் உள்ள மீட்டர் எண்ணைப் படியுங்கள். நான்கைந்து நாளில் தூரத்தைக் கண்ணே சொல்லத் தொடங்கும். அப்புறம் அம்மாவை அதே திண்ணையில் உட்கார வைத்து, தாத்தா எழுதிய 2.8-லேயே எடுங்கள். அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்