குறைந்த விலைப் பழைய பேஸ் கிட்டார் வாங்கலாமா, காசு சேர்த்து நல்லதாக வாங்கலாமா?

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் ஒரு பேஸ் வாங்கிவிடலாமா, இல்லை ஒரு வருடம் பொறுத்து "நல்லதாக" வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழையதை வாங்குங்கள். அந்த "நல்லதாக" என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அந்தச் சொல்லுக்காக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தவன் நான்.

நீங்கள் கல்லூரியில் படிப்பவர், இரண்டு நண்பர்கள் கிட்டார், ஒருவர் டிரம்ஸ், யாரும் எடுக்காத பேஸ் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் பேஸுக்கு அப்படித்தான் வருகிறோம்.

நான் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். பகலில் ஜவுளிக்கடைக் கணக்கு. 2011-ல், படிப்பு முடிந்து அறையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பையனிடம் யமஹா ஆர்பிஎக்ஸ் 170 ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு கம்பி, நெக்கில் (கழுத்தில்) 24 பிரெட், அதாவது குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள், 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்). கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளான பிக்கப் இரண்டு: ஒரு பி (P) வகை, ஒரு ஜே (J) வகை. பேட்டரி கிடையாது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்றது; கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துத் தடவை திருப்பியதும் சரியாகிவிட்டது. பெல்ட் மாட்டும் திருகு ஓட்டை பெரிதாகிக் கழன்று கழன்று வந்தது. இரண்டு தீக்குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டையில் செருகித் திருகை முறுக்கினேன். இன்றுவரை அந்தத் தீக்குச்சிதான் தாங்குகிறது.

ஆறு வருடம் அதிலேயே ஓட்டினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. "மாமா, என் பைக்கும் யமஹாதான்" என்று எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கும் பையன் சிரிப்பான். மற்றக் குழுக்காரர்கள் மேடையில் போட்டோ எடுத்துப் போடும்போது ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதியில்) அந்தப் பெரிய அமெரிக்கப் பெயர் பளிச்சென்று தெரியும். 2017-ல் சீட்டு எடுத்தேன். ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ். பெயர் வேண்டாம், நடந்ததில் கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை.

வாங்கிய மூன்றாம் மாதம் லால்குடிப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாக் கச்சேரி. ஆக்டிவ் பேஸுக்குள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்டுக்காக, ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் சொருகினாலே சர்க்யூட் ஓட ஆரம்பித்துவிடும், உருவினால்தான் நிற்கும். முதல் நாள் ரிகர்சல் முடிந்து கேபிளை உருவாமல் தூங்கிவிட்டேன், பேட்டரியும் பழசு. நாலாவது பாட்டில் சத்தம் கிழிய ஆரம்பித்தது, அப்புறம் மெலிந்தது, சரணத்தில் ஒன்றுமே இல்லை. நான் கம்பியை இழுக்கிறேன், கொசு அடிப்பது மாதிரி இருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு அந்த ஊரில் பேட்டரிக்கு எங்கே போவது? சவுண்ட்காரரின் மல்டிமீட்டரைப் பிரித்திருந்தால் ஒன்று கிடைத்திருக்கும். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

நல்லவேளை, பழைய யமஹா வேனில் கிடந்தது. பேட் பையன் தன் தம்பி பழகுவதற்குக் கேட்டிருந்தான் என்று அன்றைக்குத்தான் எடுத்து வந்திருந்தேன். ஒரு வருடமாக மாற்றாத கம்பி. மாட்டி, டியூன் பார்த்து, அடுத்த பாட்டில் சேர்ந்துகொண்டேன். இடைவேளையில் சவுண்ட்காரர் வந்து, "அண்ணே, இப்பத்தான் பேஸ் கேக்குது. இவ்வளவு நேரம் என்ன வாசிச்சீங்க?" என்றார். மூன்று மாதச் சீட்டுத் தவணை அப்போது கண் முன்னால் வந்து போனது.

ஏன் அப்படி என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். ஐந்தாவது கம்பியின் பி (B) ஸ்வரம் 31 ஹெர்ட்ஸ். நாலு கம்பி பேஸின் கனத்த ஈ கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். திறந்த வெளியில், வாடகை ஸ்பீக்கரில், 31 ஹெர்ட்ஸ் பாட்டாகக் கேட்காது, உறுமலாகத்தான் கேட்கும். நானோ புதுப் பொருள் என்று குமிழில் லோவை (அடி ஸ்தாயியை) முழுக்க ஏற்றி, மிட்டை (நடு ஸ்தாயியை) குறைத்து வைத்திருந்தேன். பி பிக்கப்பின் பலமே அந்த மிட்தான். கூட்டத்துக்கு நடுவிலும் பேஸைக் காதுக்குக் கொண்டுபோவது அதுதான். இன்னொன்று, ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் இருக்கிற இடத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப் 'ம்ம்' என்று இரையும். பி பிக்கப் இரண்டு துண்டு, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியது, இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 1957-லேயே ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸில் வந்த ஏற்பாடு இது. விலை குறைந்த பேஸிலும் அதேதான் இருக்கிறது.

கீழே வந்து "ஒழுங்காக செட் பண்ணத் தெரியாதவன் பேசுகிறான்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், தெரியவில்லை. ஸ்டுடியோவில் அந்த ஐந்து கம்பி என் யமஹாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், மறுக்கவில்லை. நான் ஸ்டுடியோவுக்குப் போகிறவன் இல்லை. கேள்வி கேட்டவரும் இல்லை என்று நினைக்கிறேன்.

பழையது பார்க்கப் போகும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், நெக்கைப் பாருங்கள். ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பாருங்கள்; முறுக்கிக்கொண்டிருந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் கனத்த கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் அமுக்கிப் பிடித்து, எட்டாம் பிரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் போதும். இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் விற்பவர் கண் முன்னால் ராட் நிஜமாகவே திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மே மாத வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் நெக் அசையத்தான் செய்யும். முதல் ஐந்து பிரெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறைத்துக் கேளுங்கள். குமிழ் கரகரப்புக்கெல்லாம் பின்வாங்காதீர்கள். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

யமஹா கிடைக்காவிட்டால் ஐபனேஸ் ஜிஎஸ்ஆர் 200, கார்ட் ஆக்‌ஷன், ஸ்குவயர் அஃபினிட்டி. அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பீவி டி-40 என்பார்கள். 1978-ல் மிசிசிப்பியில் செய்ய ஆரம்பித்தது, தோள்பட்டை இறங்கிவிடுகிற கனம். அதையும் எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்து விலையை ஏற்றிவிட்டார்கள். 1982-ல் ஜப்பானில் மலிவு மாடலாக வந்த முதல் ஸ்குவயர்கள் இன்று சேகரிப்பாளர் பொருள். அதனால் நான் இங்கே யமஹாவைப் புகழ்வதும் எனக்கே நஷ்டம்தான்.

கம்பி பழசாக இருக்கிறதே என்றும் கவலை வேண்டாம். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த பேஸ் என்று நாம் இங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறோம், கச்சேரிகளில் பேஸே வேண்டாம் என்கிறார்கள். "கீபோர்டு லெஃப்ட் ஹேண்டில் வந்துரும்ணே" என்று போன வருடம் மட்டும் நாலு கச்சேரியில் என்னை விட்டுவிட்டார்கள். கீபோர்டுக்காரருக்கு 3,500, எனக்கு 1,500. நாலு கம்பிதானே என்று ஒரு மேனேஜர் கணக்குச் சொன்னார். அப்படியானால் இரண்டு குச்சி வைத்திருக்கிற டிரம்மருக்கு எவ்வளவு தருவார் என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அந்த ஐந்து கம்பியை 70,000-க்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை இன்னும் எடுப்பதில்லை, தீபாவளிச் செலவு எழுதும்போது தவிர.

திருச்சியில் ஏதாவது பார்த்து வைத்திருந்தால் சொல்லுங்கள், ஞாயிறு காலை நானே வந்து நெக் பார்த்துத் தருகிறேன். சனிக்கிழமை வேண்டாம், முகூர்த்த நாள், இந்தத் தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.