மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிக நகரங்கள் வறட்சியால்தான் கைவிடப்பட்டனவா?

வறட்சி பெரிய காரணம். ஆனால் ஒரே காரணம் அல்ல. மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்திலுள்ள சிச்சன்கனாப் ஏரியடிச் சேற்றில் ஜிப்சம் படிவுகள் இருக்கின்றன. நீர் ஆவியாகி ஏரி சுருங்கும்போது படிபவை அவை. அவற்றை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, கி.பி. 800–1000 காலத்து வறட்சியில் ஆண்டு மழை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகக் கணக்கிடுகிறது.

இன்றைய குவாத்தமாலாவில் இருந்த திக்கால் என்ற பெரிய மாயா நகரில் ஆறு கிடையாது. மழைநீர்க் குளங்களை நம்பியே ஊர் வாழ்ந்தது. மழை பொய்த்தால் மக்காச்சோளமும் போச்சு, குடிநீரும் போச்சு. தெய்வங்களிடம் மழை கேட்டுத் தரவேண்டிய அரசரின் மதிப்பும் கூடவே சரிந்திருக்கும். அங்கே தேதி பொறித்த கடைசிக் கல்தூண் 869ஆம் ஆண்டுடையது.

போர்களையும் காடழிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்னும் வறண்ட வடக்கு யுகாத்தானில் சிச்சேன் இட்சா என்ற மாயா நகரம் அதே காலத்தில்தான் செழித்தது! "மாயர்கள் அழிந்துபோனார்கள்" என்பதும் தவறு. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் லட்சக்கணக்கான மாயர்கள் தங்கள் மொழிகளைப் பேசி வாழ்கிறார்கள்.