ஆயிரத்து ஐந்நூறு என்னும் எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பசிபிக் பெருங்கடலிலுள்ள நவூருத் தீவின் அங்காம் நாளைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மக்கள்தொகை 1,500ஐ எட்டிய நாளை ஒரு நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். மக்கள்தொகைப் பெருக்கம் என்னும் பாடத்தை ஏறக்குறைய ஒரு நோயைப் பற்றிய பாடமாகவே நடத்தி வந்தேன். பள்ளிச் சுவரில் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எழுதியிருந்த காலம் அது. எனவே தங்கள் கட்டுரை என்னைச் சற்றுக் குழப்பியது.

எனக்குச் சில ஐயங்கள். 1,500 என்ற வரம்புக்கு அறிவியல் அடிப்படை ஏதும் உண்டா? 21 சதுர கிலோமீட்டரில் 11,680 பேர் என்றால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 556 பேர் ஆகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் அடர்த்தி 555. நாம் நெருக்கம் என்று சொல்லும் அதே அளவில் வாழ்பவர்களை அழிவின் விளிம்பில் நின்ற மக்கள் என எப்படிச் சொல்வது? நிலமும் கெட்டு, தொகையும் ஒரு பேரூராட்சி அளவே உள்ள அவர்கள், ஆஸ்திரேலியாவில் குடியேறிவிடுவதுதானே நல்லது? கடைசியாக ஒன்று: கட்டுரையில் பத்துக் குலங்கள் என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்நாட்டுக் கொடியில் உள்ள விண்மீனுக்குப் பன்னிரண்டு கதிர்கள் உள்ளன. எது சரி?

அன்புடன்,
கே. ஆர்.

*

அன்புள்ள கே. ஆர். அவர்களுக்கு,

முதல் ஐயத்துக்கு நேரடியான விடை, இல்லை என்பதுதான். ஆயிரத்து ஐந்நூறு என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டறியப்பட்ட எண் அன்று. முதல் உலகப்போருக்குப் பின் அத்தீவை ஆள வந்த ஆஸ்திரேலிய நிர்வாகி கிரிஃபித்ஸ் என்பவர், ஓர் இனம் தன்னைத் தொடர்ந்து காத்துக்கொள்வதற்குக் குறைந்தது அவ்வளவு பேராவது வேண்டும் என்று கருதி அறிவித்த எண் அது. அவர் 1,200 என்றோ 2,000 என்றோ சொல்லியிருந்தாலும் மறுத்துப் பேச அன்று எவரும் இருந்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்த எண் சொல்லப்பட்ட வேளையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1840களில் ஏறத்தாழ 1,400 பேர் இருந்த தீவு அது. திமிங்கில வேட்டைக் கப்பல்களும் வணிகர்களும் கொண்டு வந்து விற்ற துப்பாக்கியும் சாராயமும் சேர்ந்து 1878இல் குலங்களுக்கிடையே மூட்டிய போர் பத்தாண்டுகள் நீடித்தது. 1888இல் ஜெர்மனி தீவைக் கைப்பற்றியபோது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 900 பேர். அந்த 900 பேரிடமிருந்து 700க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை ஜெர்மானியர் பறிமுதல் செய்தார்கள் என்பதிலிருந்தே அப்போரின் தன்மையைப் புரிந்துகொள்ளலாம்.

அதன் பின்னர் 1900இல் அத்தீவின் பாறை, உரம் செய்ய உதவும் உயர்தரமான பாஸ்பேட் என்பது தெரியவந்தது. சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த ஒரு கல்லைச் சோதித்துப் பார்த்ததில்தான் அது வெளிப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சுரங்கம் தொடங்கியது. கப்பல்கள் வந்தன, அவற்றோடு சீதபேதியும் இளம்பிள்ளை வாதமும் வந்தன. 1920இல் வந்த விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா) சில மாதங்களுக்குள் 230 நவூருவரைக் கொன்றது. இது அன்றைய அவர்களின் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதே பத்தாண்டில் தொழுநோய் பரவி, ஒரு கட்டத்தில் மூன்றில் ஒருவரைப் பீடிக்கும் அளவை நெருங்கியது. தம் கண்முன்னே ஒவ்வொரு வீடாக விளக்கணைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம், இத்தனை பேர் ஆகிவிட்டால் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள் என்று ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால், அவர்கள் அதைப் பற்றிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வார்கள்? 1932 அக்டோபர் 26ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்து, கணக்கு 1,500 ஆயிற்று. மகிழ்ச்சி, வீடு வந்து சேர்தல் என்றெல்லாம் பொருள்படும் 'அங்காம்' என்ற சொல்லை அந்நாளுக்கு வைத்தார்கள். எண் நிர்வாகியுடையது, நாள் அவர்களுடையது என்பது என் எண்ணம்.

இதில் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அந்த ஆயிரத்து ஐந்நூற்றில் சுரங்கத் தொழிலாளர்கள் எவரும் அடங்கவில்லை. அதே காலத்தில் குடும்பத்தை உடன் அழைத்து வர அனுமதியின்றி, ஒப்பந்தத்தின் பேரில் கொண்டு வரப்பட்ட சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக அங்கே பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நவூருவின் மக்கள்தொகை என்று சொல்லும்போதெல்லாம் தீவில் இருப்பவர்கள், தீவுக்கு உரியவர்கள் என இரண்டு கணக்குகள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 1960களின் நடுவில் தீவில் இருந்த ஏறத்தாழ 6,000 பேரில் பாதிப் பேர்தான் நவூருவர்.

1,500ஐ எட்டியதோடு கதை முடிந்திருந்தால் அந்த நாள் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்காது என்று நினைக்கிறேன். 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. மறு ஆண்டில் 1,200 நவூருவரைக் கப்பலேற்றி, இன்று சூக் எனப்படும் ட்ரூக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்காகக் கொண்டு சென்றார்கள். தொழுநோயாளிகள் 39 பேரைத் தனிப் படகில் ஏற்றி, நடுக்கடலில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மற்றவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் பட்டினியும் நோயும் குண்டுவீச்சும் இருந்தன. 1946 ஜனவரி 31ஆம் நாள் திரும்பி வந்து தம் மண்ணில் கால்வைத்தவர்கள் 737 பேர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எட்டிப் பிடித்த வரம்பு மீண்டும் கைநழுவிப் போயிருந்தது. அதை மறுபடி எட்டியது 1949 மார்ச் 31ஆம் நாள் பிறந்த ஒரு குழந்தையால். ஒரு தலைமுறைக்குள் இருமுறை அதே எண்ணை எண்ணி முடித்தவர்கள் அவர்கள்.

என் பாட்டியிடம் ஒருமுறை கணக்கெடுப்புக்கு வந்தவர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு" என்றாள் பாட்டி. வந்தவருக்கு வேண்டியது ஐந்து மட்டும். அதை எழுதிக்கொண்டு போனார். பாட்டி அதன் பிறகு நெடுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நீங்களும் நானும் பாடப்புத்தகத்தில் படித்த மக்கள்தொகை அந்த ஐந்தைப் போன்றது. நவூருவர் கொண்டாடும் எண்ணில் அந்த எட்டும் இருக்கிறது.

இனி அடர்த்தி. உங்கள் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அதைத் தமிழ்நாட்டின் 555க்குப் பக்கத்தில் வைப்பதில்தான் பிழை வருகிறது. நவூருவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அவர்கள் 'மேல்பக்கம்' என்று அழைக்கும் நடு மேட்டுநிலம். பாஸ்பேட்டைச் சுரண்டியெடுத்த பிறகு அங்கே எஞ்சியிருப்பது ஆளுயரத்துக்கும் மேலான சுண்ணாம்புக்கல் முனைகளும் அவற்றுக்கிடையே குழிகளுமே. அதில் வீடு கட்டவும் முடியாது, கொடிக்கிழங்கு நடவும் முடியாது. மக்கள் வாழ்வது கடலை ஒட்டி வளையம்போல் ஓடும் குறுகிய பட்டையிலும், புவாடா ஏரியைச் சுற்றியுள்ள சிறு பசுமையிலும்தான். அந்த நான்கு சதுர கிலோமீட்டர் சொச்சத்தை மட்டும் கொண்டு வகுத்துப் பாருங்கள், 556 என்பது 2,500ஐத் தாண்டிப் போகும். அந்த நெருக்கம் பிள்ளைகள் மிகுதியாகப் பிறந்ததால் வந்தது அன்று. நிலம் கப்பலேறிப் போனதால் வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் வயல்களுக்கு அது மலிவு விலை உரமாகப் போயிற்று. சுதந்திரத்துக்கு முன் நடந்த இச்சுரண்டலுக்காக நவூரு 1989இல் அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றதும், 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டதும் உங்கள் மாணவர்கள் அறிய வேண்டிய செய்திகள். சுதந்திரத்துக்குப் பின் சுரங்கத்தைத் தாமே நடத்திய நவூரு அரசுகளும் அதே வேகத்தில் வெட்டியெடுத்தன, வந்த செல்வத்தையும் காக்கத் தவறின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அண்மைக் காலப் போக்கைப் பார்த்தால், 2002இல் 10,065ஆக இருந்த தொகை 2006இல் 9,233ஆகக் குறைந்தது. 2011இல் 10,084, 2021இல் 11,680. நடுவில் விழுந்த அந்தப் பள்ளத்தை மட்டும் பார்ப்பவர் ஏதோ கொள்ளைநோய் வந்ததென்று எண்ணக்கூடும். உண்மையில் பாஸ்பேட் தொழில் முடங்கியதும், பசிபிக் தீவு நாடுகளான கிரிபாட்டியிலிருந்தும் துவாலுவிலிருந்தும் வந்து தலைமுறைக் கணக்கில் அங்கே உழைத்த தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் வேறொரு கூட்டம் அத்தீவில் இறக்கிவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த அகதிகளை 2001 முதல் அந்நாடு நவூருவில் அடைத்து வைத்தது. 2014இல் அவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி, தீவின் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காயிற்று. அவர்களில் நம்மவரும் உண்டு. அவ்வாண்டு ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து படகேறிய ஈழத்தமிழ் ஏதிலிகள் 157 பேர், குழந்தைகளோடு, ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பலிலேயே கடலில் வைக்கப்பட்டு, பின்னர் ஆகஸ்டில் நவூருவுக்கு அனுப்பப்பட்டார்கள். எந்த நாட்டின் எண்ணிக்கையிலும் சேராமல் ஒரு தீவில் இருத்தி வைக்கப்பட்ட தமிழ்க் குழந்தைகளை நினைக்கையில், தீவில் இருப்பவர்கள், தீவுக்கு உரியவர்கள் என்று மேலே நானே பிரித்துக் காட்டிய கணக்கு எனக்கே வலிக்கிறது.

என்னைக் கேட்டால், நவூருவர் இன்று கவலைப்பட வேண்டியது எத்தனை பேர் என்பதைப் பற்றியல்ல, எத்தனை வயது என்பதைப் பற்றித்தான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறக்கின்றன. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இது இளைஞர்களின் நாடு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்ற மறுபக்கமும் அதற்கு உண்டு. மீன்பிடியும் தோட்டமும் கைவிட்டுப்போய், பாஸ்பேட் பணத்தில் வந்திறங்கிய வெள்ளை அரிசியும் சர்க்கரையும் டப்பா இறைச்சியுமே உணவென்றான பிறகு, 1970களின் நடுவில் பால் சிம்மெட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அங்கே ஆய்வு செய்தபோது, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டார். தொழுநோய்க்கும் காய்ச்சலுக்கும் தப்பியவர்களின் பிள்ளைகள் ஐம்பதுகளிலேயே சிறுநீரகம் கெட்டும் கால் இழந்தும் இறந்துகொண்டிருந்தார்கள். பேரனுக்கு மொழியைச் சொல்லித் தரும் வயதில் தாத்தாக்கள் இல்லாத சமூகம் எண்ணிக்கையில் பெருகினாலும் உள்ளே எதையோ இழந்துகொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் குடியேறிவிடலாமே என்ற உங்கள் யோசனை புதிதன்று. 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசே அதை முன்வைத்தது. குயின்ஸ்லாந்துக் கரைக்கு அருகிலுள்ள கர்ட்டிஸ் தீவில் வீடும் நிலமும் குடியுரிமையும் தருவதாகச் சொன்னார்கள். நவூருவர் அதை நிலத்துக்காக மறுக்கவில்லை. அங்கே தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் உரிமை வேண்டும் என்றார்கள். அதை மட்டும் ஆஸ்திரேலியா தரவில்லை. 1964இல் பேச்சு முறிந்தது. பேச்சை முன்னின்று நடத்திய ஹேமர் டிரோபர்ட், போரின்போது ட்ரூக்குக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வந்தவர்களில் ஒருவர். இன்னொரு தீவுக்கு இடம் பெயர்வது என்றால் என்னவென்று அவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நான்காண்டுகள் கழித்து நாடு விடுதலை பெற்றபோது அவரே முதல் குடியரசுத் தலைவரானார். விடுதலைக்கு அவர்கள் தேர்ந்துகொண்ட நாள் ஜனவரி 31. அந்த 737 பேர் கரையிறங்கிய அதே நாள்.

இப்போது கடல்மட்டம் உயர்ந்து கரைப்பட்டையை அச்சுறுத்துகிறது. மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரைக் கரையிலிருந்து அந்தச் சிதைந்த மேட்டுநிலத்துக்கே, அதைச் சமன்படுத்தி, ஏற்றிக் குடியமர்த்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்குப் பணம் திரட்ட 2025 முதல் வெளிநாட்டவருக்குக் குடியுரிமையை விலைக்கும் தருகிறார்கள். இந்த வழி எனக்கு உவப்பானதன்று. ஆனால் மண்ணை இழந்தவர்கள் அதைத் திரும்பக் கட்டியெழுப்பப் பணத்துக்கு எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் வேறு விடையும் இல்லை.

கடைசி ஐயம். பத்தும் சரி, பன்னிரண்டும் சரி. நவூருவில் குலம் தாய்வழி வருவது; பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேரும். ஆகவே ஒரு குலத்தில் ஆண்கள் எத்தனை பேர் இருந்தாலும், பெண் பிறக்காமலோ பிறந்த பெண்கள் பிள்ளை பெறாமலோ போனால் அந்த ஆண்களோடு குலம் முடிந்துவிடும். இரூட்சி, இவி என்னும் இரண்டு குலங்கள் இருபதாம் நூற்றாண்டில் அவ்வாறு அற்றுப்போயின. மொத்தத் தொகை ஏறிக்கொண்டிருக்கும் எந்த வரைபடத்திலும் அந்த இழப்பு தெரியாது. கொடியில் விண்மீனுக்குக் கதிர் வைத்தவர்கள் அவ்விரண்டையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள்.

அன்புடன்.