குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும்? எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலான கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகப் பாஸ்போர்ட் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். தங்கள் பாஸ்போர்ட்டுக்காக அலைவதைவிடப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்காகத்தான் பெற்றோர் அதிகம் அலைகிறார்கள். "இது இன்னார் குழந்தை என்று யாரிடம் எழுதி வாங்குவது?" என்ற கவலையே அந்த அலைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம். இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே இருப்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 3 வயது. கோயம்புத்தூரில் பிறந்தாள். முதல் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பஞ்சாயத்து மெம்பரின் கடிதம் வாங்கிவிட்டோம். அது போதாது, கெஜட்டட் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும், அதை 1,500 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா? (வேலந்தாவளம்)

பதில்: கொடுக்காதீர்கள். மெம்பரின் கடிதமும் தேவையில்லை, பச்சை மைக் கையெழுத்தும் தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை குழந்தைக்காக உறுதி சொல்ல வேண்டியவர்கள் அதைப் பெற்றவர்களே. 'அனெக்ஸர் டி' என்ற உறுதிமொழியில், இது எங்கள் குழந்தை, இதற்குப் பாஸ்போர்ட் வழங்க எங்கள் இருவருக்கும் சம்மதம் என்று தாயும் தந்தையும் எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே சாட்சியம். முன்பு இத்தகைய உறுதிமொழிகளை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் போக வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்திய பிறகு வெள்ளைத்தாளே போதும், நோட்டரியும் வேண்டாம். ஆவணங்களின் நகல்களிலும் பெற்றோரே கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்.

பச்சை மை வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தரகர்கள் பழைய விதியைச் சொல்லித்தான் புதிதாகப் பணம் கேட்கிறார்கள். தட்கல் முறையில் அவசரமாக விண்ணப்பிப்பவர் உயர் அதிகாரி ஒருவரிடம் சரிபார்ப்புச் சான்று வாங்கித் தர வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2018இல் அது நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சான்றுக்காக அதிகாரியின் வீட்டு வாசலில் விடியற்காலையிலிருந்து காத்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இல்லாத விதிக்காக இன்றும் பெற்றோர் அப்படி நிற்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் முகவரிச் சான்று, இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஸர் டி, உங்களிடம் இருந்தால் உங்கள் பாஸ்போர்ட்டுகளின் அசலும் நகலும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்பதால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். 8 வயதுக்கு உட்பட்டோரின் புதிய விண்ணப்பத்துக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. பிரசவம் கோயம்புத்தூரில் நடந்து, பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டது என்பதற்காகவும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். நம் பக்கத்தில் பாதிக் குழந்தைகள் அப்படித்தான் பிறக்கின்றன. எந்த மாநிலத்தில் பதிவான பிறப்பானாலும் சான்றிதழ் ஒன்றே.

கேள்வி: விண்ணப்பத்தில் எங்களைத் தெரிந்த இருவரின் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். நாங்கள் நகரியில் நெசவு செய்கிறோம். எங்கள் உறவினர்கள் எல்லாம் திருத்தணிப் பக்கம் இருக்கிறார்கள். ஆந்திராவில் இருந்து விண்ணப்பித்துவிட்டுத் தமிழ்நாட்டு ஆட்களின் பெயரைக் கொடுக்கலாமா? அவர்கள் நேரில் வர வேண்டுமா? (நகரி)

பதில்: அவர்கள் நேரில் வர வேண்டியதில்லை, எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. நீங்கள் கொடுத்த முகவரியில் இந்தக் குடும்பம் இருக்கிறதா என்று காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க நேர்ந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளத் தகுந்த ஆட்கள் யார் என்பதற்காகவே அந்த இரண்டு பெயர்கள். ஆகவே திருத்தணியில் இருக்கும் மாமாவை விட, உங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும், நீங்கள் தினமும் பால் வாங்குகிற கடைக்காரரும் உங்களுக்கு அதிகம் பயன்படுவார்கள். பதவியோ படிப்போ அவர்களுக்குத் தேவையில்லை. உங்களை அறிந்திருக்க வேண்டும், கொடுக்கிற தொலைபேசி எண்ணை எடுத்துப் பேசுகிறவராக இருக்க வேண்டும்.

எல்லையோரத் தமிழர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். உங்களை இன்ஷியலோடு அழைப்பது நம் வழக்கம். தெலுங்குப் பக்கத்தில் வீட்டுப் பெயரை முன்னால் சேர்த்து அழைப்பது அவர்கள் வழக்கம். குழந்தையைத் தெருவில் ஒரு செல்லப் பெயரில் கூப்பிடுவார்கள், சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். விசாரிக்க வந்தவர் காகிதத்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டு, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளை மனத்தோடு சொல்லிவிட்டால், அந்த ஒரு வாக்கியத்தால் விண்ணப்பம் வாரக்கணக்கில் நின்றுபோகும். பெயர் கொடுத்த இருவரிடமும் குழந்தையின் முழுப் பெயரையும் உங்கள் பெயரையும் சான்றிதழில் உள்ளபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்தே எழுத வேண்டும் என்பதால், தந்தையின் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால், பெரும்பாலும் காவல்துறை விசாரணை இல்லாமலேயே குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்துவிடுகிறது.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். நானும் மகனும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிறோம். அனெக்ஸர் டியில் அவருக்குப் பதிலாக அவருடைய அண்ணன் கையெழுத்துப் போடலாமா? (மூணாறு)

பதில்: கூடாது, அம்மா. தந்தையின் சம்மதத்தைத் தந்தைதான் தர முடியும். பெரியப்பாவோ தாத்தாவோ அவருக்காகக் கையெழுத்திட முடியாது. அவருடைய கையெழுத்தைப் போலவே யாராவது போட்டுக் கொடுப்பது இன்னும் மோசம். பாஸ்போர்ட் சட்டம், 1967இன் 12ஆவது பிரிவின்படி, பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "சும்மா நீயே போட்டுக்கொடு" என்று சொல்கிறவர்கள் பிறகு உங்கள் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

வழி எளிதானது. உங்கள் கணவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் தம் சம்மதத்தைப் பிரமாணப் பத்திரமாக எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். நீங்கள் இங்கே அனெக்ஸர் டியில் கையெழுத்திட்டு இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பத்திரம் கையில் வந்து சேர்ந்த பிறகே பாஸ்போர்ட் அலுவலகத்தில் சந்திப்பு நாளைப் பதிவு செய்யுங்கள். அசல் தபாலில் வர நாளாகும்.

இதே கேள்வியோடு, கணவருடன் தொடர்பே இல்லாத தாய்மார்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு 'அனெக்ஸர் சி' என்ற தனி உறுதிமொழி இருக்கிறது. மற்றவரின் சம்மதத்தை ஏன் பெற முடியவில்லை என்பதை அதில் உள்ளபடி எழுதி, பொறுப்பைத் தாம் ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். பிரிந்து போனார், எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்பதுதான் உண்மையென்றால் அதை அப்படியே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெற்றோரில் ஒருவருடைய பெயரை மட்டும் தந்து விண்ணப்பிக்கவும் 2016 முதல் இடம் இருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கட்டாயம் கேட்பதும் இல்லை.

லயத்து வீட்டுக்கு மேனேஜரின் கடிதம் வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆதாரில் லயத்து முகவரி சரியாக இருந்தால் அதற்காக எஸ்டேட் அலுவலகத்தில் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் செவிலியர்களாக இருக்கிறார்கள். அங்கே பிறந்த பேரனுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க, அவர்களைத் தெரிந்த ஒருவர் உறுதி சொல்ல வேண்டுமாம். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா? அல்லது எங்கள் ஊர்ப் பாதிரியார் போடலாமா? (பாறசாலை)

பதில்: இரண்டும் செல்லாது, ஐயா. நம் நாட்டில் இல்லாத ஒரு முறை அங்கே இருக்கிறது. குழந்தையின் முதல் பாஸ்போர்ட்டுக்குக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் உறுதி சொல்லியே ஆக வேண்டும். 11 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ள குழந்தையின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதும் அப்படித்தான். பிறப்பாலோ திருமணத்தாலோ உறவினரானவர் அதைச் செய்யக் கூடாது என்பதால் தாத்தாவாகிய நீங்கள் விலக்கப்படுகிறீர்கள். விண்ணப்பம் பிரிட்டனுக்குள் இருந்து செய்யப்பட்டால், உறுதி சொல்பவர் பிரிட்டனிலேயே வசிப்பவராகவும், நடப்பிலுள்ள பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும் என்பதால் ஊர்ப் பாதிரியாரும் முடியாது.

உறுதி சொல்பவர் 2 ஆண்டுகளாவது அறிந்திருக்க வேண்டியது யாரை என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையானால், படிவத்தில் கையெழுத்திடும் தாயையோ தந்தையையோ அவர் 2 ஆண்டுகள் அறிந்திருந்தால் போதும். பிறந்து 3 மாதமான குழந்தையை யார் 2 ஆண்டுகள் அறிந்திருக்க முடியும் என்று மகள் கலங்கியிருந்தால் இதைச் சொல்லுங்கள். அந்த அறிமுகம் நண்பர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிபவர் என்ற முறையில் இருக்க வேண்டும். தொழில் நிமித்தமாக மட்டும் தெரிந்தவர் ஆகாது. குடும்ப மருத்துவரிடம் போய்க் கேட்டுத் திரும்பியவர்கள் பலர் உண்டு. தாம் அவர்களுக்கு நண்பரும் கூட என்று சொல்ல முடிந்தால் தவிர மருத்துவர் உறுதி தர முடியாது. மேலும் அவர் சமூகத்தில் நன்மதிப்புள்ளவராகவோ, ஏற்கப்பட்ட தொழில் ஒன்றில் இருப்பவராகவோ, அதிலிருந்து ஓய்வுபெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆசிரியர், செவிலியர், மருந்தாளுநர், கணக்காளர், மதகுரு எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆகவே உங்கள் மகளுக்கு ஏற்ற ஆள் பெரும்பாலும் அவர் வேலை செய்யும் வார்டிலேயே இருப்பார். முன்பே அங்கே போய்க் குடியுரிமை பெற்றுவிட்ட மூத்த செவிலியர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்பவர் கூடாது. புதிதாகப் போன நம் பிள்ளைகள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்தே இருப்பதால், மிக நெருங்கிய தோழியே இந்த விதியால் விலகிப்போகக் கூடும். இணையத்தில் விண்ணப்பித்தால் உறுதி சொல்பவருக்கு மின்னஞ்சல் வரும், அவர் அங்கேயே உறுதி செய்துவிடலாம். காகிதப் படிவமானால், படிவம் தரும் வாக்கியத்தைப் புகைப்படம் ஒன்றின் பின்புறத்தில் அவர் தம் கையால் எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு ஒன்றைக் கேளுங்கள். பேரன் பிறந்த நாளில் பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தாரா? 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறப்பதால் மட்டும் குடியுரிமை வருவதில்லை. இருவரும் வேலை விசாவில் மட்டும் இருந்திருந்தால், பிறந்த 1 ஆண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதே வழி. அதற்கு நண்பர் யாரும் உறுதி சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பிரிட்டனில் பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ் குடிமகன் என் மருமகன். மகள் பிரசவத்துக்கு இங்கே வந்து, குழந்தை புனலூரில் பிறந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கிறோம். இங்கே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவரை எங்கே தேடுவது? (ஆரியங்காவு)

பதில்: தேட வேண்டாம். பிரிட்டனுக்கு வெளியே இருந்து விண்ணப்பிக்கும்போது காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் உறுதி சொல்லலாம். இந்தியா காமன்வெல்த்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் உங்கள் மகள் என்றால், மகளை 2 ஆண்டுகளுக்கு மேல் அறிந்த, உறவினரல்லாத, நடப்பிலுள்ள இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஓர் ஆசிரியரோ வங்கி அதிகாரியோ போதும். மருமகன் கையெழுத்திட்டால் அவரை அறிந்தவர் வேண்டும். உங்கள் ஊரில் அது கடினம். எனவே யார் கையெழுத்திடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் வளரும் பெற்றோர் இல்லாத சிறுமிக்குப் பிறந்த தேதிச் சான்று எதுவும் இல்லை. யார் உறுதி தருவது? (குமுளி)

பதில்: இல்லத்தின் தலைவரே தரலாம். இல்லத்தின் பெயர் அச்சிட்ட தாளில் அவர் பிறந்த தேதியை உறுதிசெய்து கையெழுத்திட்டுக் கொடுப்பதை ஏற்கலாம் என்று 2016இல் வழி செய்யப்பட்டது.

கேள்வி: என் பேத்தி 2024இல் வீட்டிலேயே பிறந்தாள். பிறப்பைப் பதிவு செய்யவில்லை. பிரசவம் பார்த்த பாட்டியும் ஊர்ப் பெரியவர்களும் எழுதிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்குமா? (குப்பம்)

பதில்: பாஸ்போர்ட் அலுவலகத்தில் அது செல்லாது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கான ஆதாரம் என்று 2025இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர்களின் வார்த்தை வேறோர் இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 1 ஆண்டு கடந்துவிட்டால், நிர்வாக நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு பெற்றே பதிவு செய்ய முடியும். பிறப்பு உண்மையா என்று அவர் விசாரிக்கும்போது, பிரசவம் பார்த்த பாட்டியும், அன்று வீட்டில் இருந்தவர்களும், தடுப்பூசி அட்டையும்தான் உங்கள் சாட்சிகள். பாட்டிக்கு வயதாகியிருக்கும், அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே அழைத்துக்கொண்டு போய்ப் பிறப்புப் பதிவுக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பேத்திக்கு என்ன பெயர் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், பிறகு பெயர் சேர்ப்பதற்காக இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.