வாசகர் கேள்வி: கிட்டாரைப் பாடும் கூட்டம்

கேள்வி: கால்பந்துப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, எந்த நாட்டு ரசிகர்களாக இருந்தாலும் "ஓ... ஓ ஓ ஓ ஓ... ஓ... ஓ" என்று ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். அது எந்தப் பாட்டு? அதற்குச் சொற்களே கிடையாதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த 'தி வொயிட் ஸ்ட்ரைப்ஸ்' என்னும் ராக் குழு 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட 'செவன் நேஷன் ஆர்மி' என்ற பாட்டின் கிட்டார் மெட்டு அது. குழு என்றாலும் அதில் இருந்தவர்கள் இருவர்தான்: கிட்டார் வாசித்துப் பாடிய ஜாக் வொயிட், டிரம்ஸ் வாசித்த மெக் வொயிட். சிறு வயதில் 'சால்வேஷன் ஆர்மி' என்ற அமைப்பின் பெயரை ஜாக் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டு 'செவன் நேஷன் ஆர்மி' என்றே சொல்லிவந்தாராம். அதுவே பாட்டின் பெயராயிற்று. பெயரில் படை இருந்தாலும் பாட்டில் போர் இல்லை. ஊர் வாய்க்கு ஆற்றாமல் ஊரைவிட்டே போய்விட நினைக்கும் ஒருவனின் குமுறல்தான் அது.

ஆக, பாட்டுக்குச் சொற்கள் உண்டு. ரசிகர்கள் பாடும் பகுதிக்குத்தான் இல்லை. பொதுவாகப் பல்லவி வரும்போது கூட்டம் சேர்ந்து பாடும். இந்தப் பாட்டிலோ பல்லவி வரவேண்டிய இடத்தில் பாடகர் நிறுத்திக்கொள்ள, கிட்டார் மட்டும் பெருங்குரலெடுக்கிறது. எனவே பல்லவியில் சேர்ந்துகொள்ள விரும்புகிறவர் கிட்டாரைத்தான் பாடியாக வேண்டும். ஒருமுறை வாய்க்குள் முனகிப் பாருங்கள்: முதல் ஒலி நீண்டு நிற்கும், அடுத்த நான்கு நெருக்கமாக வரும், கடைசி இரண்டும் படியிறங்குவதுபோல் நீண்டு இறங்கும். ஒலிகள் ஏழு என்றாலும் வெவ்வேறு சுரங்கள் ஐந்தே. மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் இடையே ஒரு முழு ஸ்தாயி தூரம்கூட இல்லாததால், பாட்டே வராது என்று ஒதுங்கி நிற்பவருக்கும் தொண்டை ஒத்துழைக்கிறது. பாடத் தெரிந்தவர்கள் மட்டும் பாடக்கூடிய ஒன்றை விளையாட்டரங்கம் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாது.

இன்னொரு காரணத்தையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அரங்கின் எதிர்ப்பக்கத்தில் 200 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் குரல் நம்மை வந்தடைய அரை நொடிக்கு மேல் ஆகும். வேகமான, சொற்கள் நிறைந்த பாட்டு இந்த இடைவெளியில் குழம்பிச் சிதறிவிடும்; நின்று நிதானித்து நடைபோடும் இந்த மெட்டோ, பிந்தி வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் அமைந்திருக்கிறது.

கேள்வி: இதை முதன்முதலில் மைதானத்தில் பாடியவர்கள் இத்தாலியர்களா? பாட்டின் உரிமையாளர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லையா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதலில் பாடியவர்கள் பெல்ஜியம் நாட்டு கிளப் ப்ரூஜ் அணியின் ரசிகர்கள். 2003 அக்டோபர் 22 அன்று, அப்போதைய ஐரோப்பிய சாம்பியனான ஏ.சி. மிலான் அணியுடன் அதன் சொந்த ஊரிலேயே மோத வேண்டிய நாளில், ஆட்டத்துக்கு முன்பு மிலான் நகரின் ஒரு மதுக்கூடத்தில் அவர்கள் கூடியிருந்தபோது அந்தப் பாட்டு ஒலித்தது. அங்கே தொற்றிக்கொண்ட மெட்டைச் சான் சிரோ அரங்கத்துக்குள்ளும் பாடினார்கள். யாரும் எதிர்பாராத வகையில் ப்ரூஜ் 1-0 என்று வென்றது. வென்ற நாளின் பாட்டை எந்த ரசிகர் விடுவார்? ஊர் திரும்பிய பிறகு, தங்கள் அணி கோல் போடும்போதெல்லாம் அது அவர்கள் மைதானத்தில் எழுந்தது.

2006 பிப்ரவரியில் ரோமா அணி அங்கே சென்று 2-1 என்று வென்றது. தோற்ற அணியின் பாட்டை வென்ற அணியின் ரசிகர்கள் ரோமுக்கு எடுத்துச் சென்றார்கள். அதுவரை அந்தப் பாட்டையே கேட்டிராத ரோமா அணித் தலைவர் பிரான்செஸ்கோ டோட்டி, அது மனத்தைவிட்டு அகலாததால் இசைத்தட்டையே வாங்கியதாகச் சொன்னார். அந்தக் கோடையில் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் அது, 'போ போ போ' என்ற ஒலியில் பாடப்பட்டு, இத்தாலி முழுவதற்கும் உரிய மெட்டாகிவிட்டது. ஜூலை 9 அன்று பெர்லினில் பிரான்ஸைப் பெனால்டி முறையில் இத்தாலி வென்ற இரவில், ரோம் நகரத் தெருக்களில் பாடியவர்களில் எத்தனை பேருக்கு மூலப்பாட்டின் பெயர் தெரிந்திருக்கும்? 2008 ஐரோப்பியக் கோப்பையில் அணிகள் களமிறங்கும்போது அதையே ஒலிபரப்பினார்கள்.

ஜாக் வொயிட் எதிர்க்கவில்லை, பெருமைப்பட்டார். மக்கள் ஒரு மெட்டைத் தமதாக்கிக்கொண்டு நாட்டார் பாடல்களின் வரிசையில் சேர்ப்பதைவிட அழகானது வேறில்லை என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே சொன்னார். மெல்போர்ன் நகரில் நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனையின்போது கிடைத்த மெட்டு அது. பிற்காலத்தில் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு இசையமைக்க அழைப்பு வந்தால் பயன்படுத்தலாம் என்று அவர் எடுத்துவைக்க எண்ணியிருந்தார். அப்படிச் சேமித்து வைக்காமல் விட்டது நம் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

கேள்வி: ரசிகர்களிடமிருந்து ராக் பாட்டுக்குப் போனது ஏதாவது உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. 1977-இல் இங்கிலாந்தின் பிங்லி ஹால் அரங்கில் 'குவீன்' குழுவின் நிகழ்ச்சி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல், லிவர்பூல் ரசிகர்களின் பாட்டான 'யூ வில் நெவர் வாக் அலோன்' என்பதைக் குழுவினரை நோக்கிப் பாடியது. நெருக்கியடித்து நிற்கும் மக்களால் என்னென்ன செய்ய முடியும் என்று கிட்டார் கலைஞர் பிரையன் மே யோசித்தார்: காலால் தரையை உதைக்கலாம், கைதட்டலாம், பாடலாம். அதிலிருந்து பிறந்ததுதான் 'வி வில் ராக் யூ'. முன்பு தேவாலயமாக இருந்த லண்டன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், டிரம்ஸ் வைக்காமல், கிடந்த மரப்பலகைகளைக் காலால் உதைத்தே அதன் தாளத்தைப் பலமுறை பதிவு செய்து அடுக்கினார்கள்: இரண்டு உதை, ஒரு கைதட்டு.